பதினாலு இருமல்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஸ்டுடியோவின் ப்ரிவியூ அறையில் நானூற்று முப்பத்தொன்றாவது பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது அந்த இருமல் வந்தது.

வசனம் எழுதுகிறவன் மடியில் தாளும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். குரலும் இசையும் சேர்த்துக் கலந்த பகுதியை ஒருமுறை பார்த்து, உதடும் சொல்லும் ஒட்டாத இடங்களைக் குறித்துக் கொடுப்பது அவன் வேலை. திரையில் வெளிநாட்டுத் தொடரின் நாயகி, பெரிய விருந்து மண்டபத்தில் பச்சை நிற நீள உடையில் நின்றாள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். முதலில் தொண்டையைச் செருமுவது போல் சின்னதாக ஒன்று. பிறகு அடக்கப் பார்த்து முடியாமல் இரண்டு. கடைசியில் உள்ளே இழுக்கிற மூச்சு, எண்ணெய் காணாத கீல் மாதிரி ஒரு கிறீச்சோடு.

பேனா நின்றது.

"இன்னொரு தடவ போடுங்க."

ஒலிப்பதிவாளர் பின்னுக்கு நகர்த்திப் போட்டார். அவரை அங்கே எல்லோரும் காது என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு சுவருக்கு அப்பால் மின்விசிறி தேய்வதைக் கேட்டுச் சொல்லிவிடுவார். "நல்லா உக்காந்திருக்குல்ல, வசனம்?" என்றார். அந்தக் கட்டடத்தில் இவன் பெயர் வசனம்.

மூன்றாவது முறையும் போடச் சொன்னான். மூன்றாவது முறை ஓடும்போதுதான் காதுக்கு என்ன நடக்கிறது என்று உறைத்தது. கை பொத்தானின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

யாருடைய இருமல் என்று அவன் கேட்கவில்லை. அந்த இருமலோடு பதினோரு நாள் படுத்து எழுந்தவன். அவன் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

வெளிநாட்டுத் தொடர் வந்து இறங்குகிற விதம் ஒன்று உண்டு. விற்கிற கம்பெனி படத்தைத் தனியாக அனுப்பும். பேச்சை நீக்கிய சத்தத்தைத் தனியாக அனுப்பும். கதவு சாத்துவது இருக்கும், மழை இருக்கும், வயலின் இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. பேச்சைச் சுரண்டி எடுக்கும்போது அதில் ஒட்டியிருந்த மூச்சும் விம்மலும் சிரிப்பும் இருமலும் சேர்ந்து போய்விடும். அதை எல்லாம் இங்கே பேசுகிறவர்கள்தான் திரும்பச் செய்து தர வேண்டும். வசனம் பேசி முடிக்கவே பொழுது பத்தாத இடத்தில், ஒவ்வொரு பெருமூச்சுக்கும் ஆளைக் கூப்பிட்டு மைக்குக்கு முன்னால் நிறுத்த முடியாது. காது அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு டப்பா. அதற்குள் சிரிப்பு, அழுகை, மூச்சு என்று தனித்தனியாகச் சின்ன டப்பாக்கள். நல்லதாக ஒன்று அகப்பட்டால் நறுக்கி உள்ளே போட்டுவிடுவார், வேண்டியபோது எடுத்து ஒட்டுவார். பதினைந்து வருடமாக இதுதான் நடைமுறை. யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசியதில்லை.

நாயகியின் டப்பா அவன் மனைவியுடையது. இருநூற்றுப் பன்னிரண்டாவது பகுதி வரை நாயகி பேசியது அவள் குரலில். ஸ்டுடியோவில் அவளுக்குப் பட்டப்பெயர் ஒரே டேக். தாளைக் கையில் வாங்கி, ஒருமுறை உதடு அசையாமல் படித்துவிட்டு, மைக்குக்கு முன்னால் போனால் முடித்துக்கொண்டுதான் வருவாள். இவன் எழுத, அவள் பேச, அப்படிப் பழகித்தான் கல்யாணம் ஆனது. "நீங்க எழுதுறத எல்லாம் பேசித் தொலைக்கிறேன், அதுக்காவது கட்டிக்கங்க" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"மைக் தொறந்திருந்துச்சு," என்றார் காது. "டேக்குக்கும் டேக்குக்கும் நடுவுல இருமினாங்க. வெட்டி வச்சேன். கைப்பழக்கம்ப்பா. நெனச்சுச் செய்யல."

"எத்தன இருக்கு?"

"பதினாலு."

"எண்ணி வச்சிருக்கீங்க."

காது ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். புதுசாகப் பேசுகிற பெண்ணுக்கு இருமல் சரியாக வரவில்லை, நாயகி இருபது பகுதிக்குப் படுத்த படுக்கையாக இருக்கப் போகிறாள், சேனல்காரர்கள் பொய் இருமல் வேண்டாம் என்கிறார்கள், இவ்வளவையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். பிறகு, வெளிநாட்டில் எழுதியவர்கள் அவளைச் சாகவிடவில்லை, நானூற்று ஐம்பத்தொன்றில் எழுந்து நடந்துவிடுவாள் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

எட்டு மாதமாக அவனுக்கு எதுவும் வரவில்லை. அழுகை வரவில்லை, தூக்கம் சரியாக வந்தது, சாப்பாடு இறங்கியது. பார்க்க வந்தவர்கள் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான் பார் என்று வெளியே போய்ச் சொன்னார்கள். இப்போது, மரத்துப்போன காலில் ரத்தம் திரும்ப ஓடும்போது குத்துமே, அப்படி ஏதோ உள்ளங்காலிலிருந்து ஏறியது. கோபம் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனான்.

திங்கட்கிழமை என்பதால் மேடமும் அங்கே இருந்தார். மேடம் என்றால் சேனலில் வெளிநாட்டுத் தொடர்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. கதையை எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது எல்லாம் அவர் முடிவு. அங்கே வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடிய தொடர். இங்கே ஒவ்வொன்றையும் மூன்றாக அறுத்து, பார்வைக்குப் பார்வை இடி முழக்கம் சேர்த்து, வாரம் ஐந்து நாள் ஓட்டினார்கள். அங்கே கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேருக்கு இங்கே ஒரு ஃபோன் வசனத்தில் பதிவுத் திருமணம் செய்து வைத்தான் இவன். அங்கே எல்லோரும் ஒயின் குடித்தார்கள். இங்கே ஒன்றரை வருடமாகக் குடும்பத்தோடு திராட்சை ஜூஸ் குடிக்கிறார்கள், குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார்கள். தள்ளாட்டத்துக்கு ரத்த அழுத்தம் என்று வசனம் எழுதியிருக்கிறான். இதற்கெல்லாம் அவனுக்குக் கோபம் வந்ததில்லை. வயிற்றுப்பாடு.

ஆனால் ஐந்து நாளை ஏழு நாளாக்கியதும் மேடம்தான். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரே வாரத்தில், கையிருப்புக்கு இருபத்திரண்டு பகுதி வேண்டும் என்று கேட்டார். நாயகிக்குக் குரல் கொடுத்தவளுக்குக் காய்ச்சல். ஒரே டேக்தானே, வந்தால் முடித்துவிடுவாள் என்று முதலாளி வண்டி அனுப்பினார். மூன்று நாளில் இருபத்திரண்டும் முடிந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரி. நுரையீரல் முழுக்கச் சளி, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பதினோராம் நாள் கேட்க ஒன்றும் இல்லை.

அந்த இருமலை எடுத்துவிடுங்கள் என்று அவன் சொன்னான். குரலை உயர்த்தவில்லை.

முதலாளி நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. ஸ்டுடியோ நேரத்தில் மைக்கில் விழுந்தது எதுவாக இருந்தாலும் ஸ்டுடியோவுக்குச் சொந்தம், எல்லாக் கலைஞர்களும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், உன் சம்சாரம் போட்டதும் இருக்கிறது என்று சுற்றி வளைத்துச் சொன்னார். மேடம் அவ்வளவு கடுமையாகப் பேசவில்லை. அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"நீங்க இதத் தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "அந்தச் சத்தத்துல ஒரு உயிர் இருக்கு."

"ஆள்தான் இல்ல."

"அவங்க இன்னும் நம்ம தொடர்ல இருக்காங்கன்னு நினைங்க. யாருக்குக் கெடைக்கும் இது?"

அவன் மேடத்தின் முன்னால் இருந்த காபிக் கோப்பையைப் பார்த்தான். அதை எடுத்து எதிர்ச் சுவரில் அடித்தால் எந்த இடத்தில் படும் என்று கணக்குப் போட்டான். முதலாளியின் மகன் பட்டம் வாங்கும் படம் மாட்டியிருந்த இடம். அடிக்கவில்லை. புதன்கிழமை ஏழரை மணிக்கு ஒளிபரப்பு, பன்னிரண்டு மணிக்குள் கோப்பு வந்துவிட வேண்டும் என்று மேடம் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிட்டான்.

புதன் ஏழரை. அவனுக்கு அந்த நேரம்தான் மண்டைக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அத்தை டிவி பார்ப்பார்.

அத்தை, அவன் மனைவியின் அம்மா. மகள் போன பிறகு தன் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிட்டார். வருகிறேன் என்று கேட்கவில்லை, வாருங்கள் என்று இவனும் சொல்லவில்லை. ஒரு நாள் இரண்டு பெட்டியோடு மாடி ஏறி வந்தார். பேச்சு குறைவு. தினமும் ஏழு இருபத்தைந்துக்கு டிவிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போடுவார். ஒன்று தனக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு. இவன் வந்து உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் இரண்டு நாற்காலி. மகள் பேசின தொடர், பழக்கத்துக்குப் பார்க்கிறார் என்று இவன் நினைத்திருந்தான்.

அன்று மாலை அவனும் உட்கார்ந்தான். ஜன்னல் அருகே நாயகி யாருடனோ ஃபோனில் பேசினாள், பேச்சின் நடுவே சிரித்தாள். மூக்கில் ஆரம்பித்து, பிறகு மனம் மாறி வாய்க்கு வருகிற சிரிப்பு.

அத்தையின் தலை லேசாக ஆடியது. நன்றாகப் பாடினால் ஆட்டுவார்களே, அந்த மாதிரி.

"என்ன அத்தை?"

"இது அவதானே."

அவன் திரையைப் பார்த்தான்.

"பேச்சு அந்தப் புதுப் பொண்ணோடது. நல்லாத்தான் பேசுது, பாவம். சிரிப்பு நம்மவளோடது. எட்டு மாசமா கேட்டுட்டிருக்கேன்." திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மாப்பிள்ள. அங்கதானே வேல பாக்குறீங்க."

தெரியாது. எட்டு மாதமாக ஒவ்வொரு பகுதியையும் அந்த அறையில் உட்கார்ந்து, உதட்டைப் பார்த்து, தாளைப் பார்த்து, டிக் போட்டு அனுப்பியவன். எழுதுகிறவன் காதில் சொல்தான் விழும். சொல் இல்லாத இடத்தில் அவன் அடுத்த வரிக்குப் போய்விடுவான். பெண்டாட்டி சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், இவன் அடுத்த வரிக்குப் போயிருக்கிறான்.

சிரிப்பையே கண்டுபிடித்த அத்தைக்கு அந்த இருமல் தெரியாமலா போகும்? முதல் மூன்று நாளும் ராத்திரி வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனவர், பிறகு ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே தரையில் துணி விரித்து ஏழு இரவு படுத்தவர். முதல் செருமலிலேயே தெரிந்துவிடும். சிரிப்புக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளை மடியில் அந்தப் பதினாலையும் கொண்டுபோய்க் கொட்டப் போகிறார்கள், நடுவில் சோப்பு விளம்பரத்தோடு. சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். சொல்லவில்லை.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் அந்த விருந்துக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். ஆறாவது முறையில் தெரிந்தது. அட முட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

கைக்குட்டை.

உதட்டுக்கு எழுதுகிறவன் பிழைப்பு எல்லாம் உதட்டோடு மல்லுக்கட்டுவதுதான். அங்கே வாய் மூடினால் இங்கே ப, ம வேண்டும். அங்கே திறந்தால் இங்கே ஆ வேண்டும். அதனால் யாராவது திரும்பி நின்றால், கோப்பையால் வாயை மறைத்தால், இவர்களுக்குக் கொண்டாட்டம். அந்த இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஸ்டுடியோவில் அதற்கு லீவு என்று பெயர். பதிவுத் திருமணம் நடந்ததே ஒரு லீவில்தான். இந்தக் காட்சியில் நாயகி இருமுகிற ஒவ்வொரு தடவையும் வாய் கைக்குட்டைக்குள் இருந்தது. தோள் குலுங்குகிறது, கண்ணில் நீர், வாய் தெரியவில்லை. இருமல் என்று யார் சொன்னது? பேசுகிறாள் என்று வைத்துக்கொண்டால் பேச்சு.

காது வெட்டி வைத்த பதினாலையும் அந்த ஒரே காட்சியில் ஒட்டியிருந்தார். பதினாலு லீவு. பதினாலு வரி எழுதினான். தேடவே வேண்டியிருக்கவில்லை, எட்டு மாதமாக வரிசையில் நின்றவை போல வந்தன. ஒரே ஒரு வரியில் பேனா கொஞ்சம் நின்றது. அது முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். நின்று, பிறகு அதையும் எழுதினான்.

புதிதாகப் பேசுகிற பெண் தாளைப் படித்தாள். கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிற வயது, துடுக்கு ஜாஸ்தி. அன்று துடுக்கைக் காணோம்.

"அண்ணா, இது அக்காவோட விஷயமா?"

"வசனம். பேச முடியுமா, முடியாதா?"

"முதலாளிக்குத் தெரிஞ்சா?"

"நான் எழுதினேன், நீ பேசின. கேட்டா அப்படிச் சொல்லு."

அவள் தாளை இன்னொருமுறை உதடு அசையாமல் படித்தாள். "சாப்பாட்டு நேரத்துல எடுத்துடலாம்," என்றாள். "ஒரே டேக்ல தர்றேன்."

காதிடம் அவன் எதையும் விளக்கவில்லை. தாளை மட்டும் நீட்டினான். காது படித்துவிட்டு எழுந்து போய், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கைப் போட்டார். பிறகு இருமலை வரிசையாக அமுக்கி ஊமையாக்கினார். அந்தப் பெண் சொன்னபடியே ஒரே டேக்கில் பேசினாள். முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள். புதன்கிழமை பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கோப்பு சேனலுக்குப் போனது. முதலாளி பார்க்கவில்லை. அவர் எந்தப் பகுதியையும் பார்த்ததில்லை.

ஏழு இருபத்தைந்துக்கு அத்தை நாற்காலிகளைப் போட்டார்.

மண்டபம் வந்தது. பச்சை உடை வந்தது. கணவன், கப்பல் கம்பெனிக்காரன், நாலு விருந்தினரை அழைத்துக்கொண்டு நாயகியிடம் வந்தான். அவள் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினாள்.

"காய்ச்சல்னு சொன்னேன்," என்றாள்.

கணவன் புன்னகைத்தான். அந்த ஊரில் அவன் நல்லவன், அன்பான கணவன்; மனைவி இருமுவதைப் பார்த்து ஆறுதலாகச் சிரிக்கிறான். இங்கே அவள் பேச அவன் சிரித்தான்.

"கேட்டீங்க. கேட்டுட்டு, முடிச்சிட்டுப் போன்னு சொன்னீங்க."

அவன் தட்டிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

"நாலுதான் பாக்கின்னு சொன்னீங்க. நாலு முடிஞ்சதும் இன்னும் நாலு."

விருந்தினர்கள் தலையாட்டினார்கள்.

"நிக்க முடியலன்னப்போ நாற்காலி போட்டீங்க. வீட்டுக்கு அனுப்பல."

அவன் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான். இப்படிப் பதினாலு. தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீரோடு, புன்னகைக்கிற ஒரு மனிதனைப் பார்த்து. கடைசி வரி, "என் மூச்சயும் விட்டு வைக்க மாட்டீங்க, இல்ல?" கணவன் அவள் நெற்றியில் முத்தம் வைக்கப் போனான், சேனல் அதை வெட்டியிருந்தது. விளம்பரம்.

அவன் அத்தையைப் பார்க்கவில்லை. ஃபோன் அடித்தது. மேடம். அவருக்கு எப்போதும் சத்தமான குரல்; காதில் வைத்தால் அறைக்கே கேட்கும்.

பின்னிவிட்டீர்கள் என்றார். ஹீரோவை ஒரே காட்சியில் வில்லனாக்கிவிட்டீர்கள், அந்தச் சிரிப்புக்கு இப்போது அர்த்தமே வேறு, சொல்லாமல் செய்ததுதான் தப்பு, போகட்டும், இனி இருபது பகுதிக்கும் இப்படியே வேண்டும் என்றார். கொளுத்திப் போட்டதை எடுத்து அவர்கள் குளிர் காய்கிறார்கள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றது ஃபோன். "நாளையிலேர்ந்து வசனத்துக்கு அடியில அவங்க இருமலையும் லேசா ஓட விட்டுடலாம். ரெண்டும் சேர்ந்தா எங்கயோ போயிடும்."

அவன் ஃபோனை அணைத்தான்.

"எந்த இருமல்?" என்றார் அத்தை.

அவன் சொன்னான். மைக் திறந்திருந்ததை, டப்பாவை, பதினாலை, கையெழுத்தை. டிவியில் விளம்பரம் முடிந்து தொடர் மறுபடி ஆரம்பித்தது. அத்தை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். எட்டு மாதத்தில் அவர் அந்தச் சத்தத்தைக் குறைத்து அவன் பார்த்ததில்லை.

"நாலுதான் பாக்கின்னு யாரு சொன்னது?"

"மேடம் அவசரம்னு சொன்னாங்க. முதலாளி வண்டி அனுப்பினார்."

"அத நான் கேக்கல."

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"நான்தான் அத்தை. மூணாம் நாள் காலைல. போகவான்னு கேட்டா. நாலுதான் பாக்கி, முடிச்சிட்டு வந்துடுன்னு சொன்னேன். எழுதினவன் நான். பாக்கி வைக்க வேண்டாமேன்னு நெனச்சேன்."

அத்தை அழவில்லை, திட்டவில்லை. தொடர் முடிகிறவரை சத்தமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது, "காலைல என்னையும் கூட்டிட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை ஸ்டுடியோவில் அவரைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றார். துக்கத்துக்கு வந்தபோது பார்த்தது. நாற்காலி, தண்ணீர், காபி என்று பரபரத்தார். அத்தை எதையும் தொடவில்லை. நேரே ஒலிப்பதிவு அறைக்குள் போய் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போடுங்க," என்றார்.

"வேணாம்மா," என்றார் காது.

"பெத்தவ கேக்கக் கூடாது, ஊரு கேக்கலாமா? போடுங்க."

காது ஹெட்போனைக் கொடுத்தார். அத்தை பழக்கமில்லாததால் தலைகீழாக மாட்டினார். காது சரி செய்துவிட்டார். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையில் பச்சைக் கோடுகள் எழும்பி எழும்பி அடங்கின. "இது மொத நாள்," என்றார் அத்தை. இன்னும் இரண்டு போனது. "இதுவும் மொத நாள். சாயங்காலம்." ஐந்தாவதுக்கு, "ரெண்டாம் நாள்." எல்லாவற்றுக்கும் சொன்னார். டாக்டர்கூட அப்படிப் பிரித்துச் சொன்னதில்லை. பன்னிரண்டாவது வந்தபோது, "இது மூணாம் நாள்," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அவன் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நின்றான். தலையைத் தாழ்த்தினால் தப்பிக்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

பதினாலும் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அழிச்சிடுங்க."

காது முதலாளியைப் பார்த்தார். முதலாளி தொண்டையைச் செருமினார். "அதில்லம்மா, சேனல்ல மேடத்துகிட்ட ஒரு வார்த்த..."

"கூப்பிடுங்க அவங்களையும். இதே நாற்காலில உக்காந்து, இத மாட்டிக்கிட்டுக் கேக்கட்டும். நான் பக்கத்துல இருந்து எது எந்த நாள்னு சொல்றேன். கேட்டுட்டு வேணும்னா வச்சுக்கட்டும்."

முதலாளி சுவரைப் பார்த்தார். ஃபோனை எடுக்கவில்லை. பிறகு கையை ஒருமுறை அசைத்தார், சரி என்பது போலவும் என்னவோ செய்யுங்கள் என்பது போலவும். காது ஒவ்வொன்றாக அழித்தார். மொத்தமாகச் சேர்த்து ஒரே தட்டில் அழித்திருக்கலாம். ஒவ்வொன்றாகத்தான் அழித்தார்.

"சிரிப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார் அத்தை.

"அது வேற டப்பால இருக்கும்மா. அதயும்..."

"அது இருக்கட்டும்."

வீடு வரைக்கும் அத்தை முன்னால் நடந்தார். அவன் எட்டிப் பிடிக்கப் போனால் நடையைக் கூட்டினார். மாடிப்படியில் மூச்சு வாங்கியது. கை கொடுக்கப் போனான், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

அன்று மாலை ஏழு இருபத்தைந்துக்கு டிவியின் முன்னால் ஒரே ஒரு நாற்காலி இருந்தது.

அவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு பார்த்தான். இன்னொரு நாற்காலி அங்கேயேதான் சுவரோரம் இருந்தது. இழுத்துப் போட்டுக்கொள்ள அவனுக்குக் கை வரவில்லை. நாயகி படுக்கையில் சாய்ந்திருந்தாள், யாரோ ஏதோ சொன்னார்கள், மூக்கில் ஆரம்பித்து அந்தச் சிரிப்பு வந்தது. அத்தை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.